பாரிமுனை முதல் ஒரகடம் வரை: மூலதனத்தின் தாயகம் எது?

2024 செப்டம்பர் மாதத்தின் கடைசி நாட்களில் மூன்று நிகழ்வுகள் அடுத்தடுத்து நடந்தன. செப்டம்பர் 28 அன்று ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில், ரூ.9,000 கோடி முதலீட்டில் அமையும் டாடா மோட்டார்ஸ் கார் ஆலைக்கு முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். பிரிட்டனின் அடையாளங்களுள் ஒன்றாகக் கருதப்படும் ஜாகுவார் லேண்ட் ரோவர் வாகனங்கள் அங்கே தயாராகும் என்று அறிவிக்கப்பட்டது. இரண்டு நாட்கள் கழித்து, செப்டம்பர் 30 அன்று, வேல்ஸ் நாட்டின் போர்ட் டால்பட் நகரில் டாடா ஸ்டீல் நிறுவனம் தன் கடைசி ஊதுலையை மூடியது. அங்கே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் வேலை கேள்விக்குறியானது. அதே நாட்களில், படப்பையிலிருந்து ஒரகடம் வழியே சென்றால் எட்டிவிடக்கூடிய சுங்குவார்சத்திரத்தில், சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தை அங்கீகரிக்கக் கோரி பந்தலில் அமர்ந்திருந்தார்கள்.

ஏறத்தாழ 236 ஆண்டுகளுக்கு முன், 1788-ல், வேல்ஸிலிருந்து தாமஸ் பாரி என்ற இளைஞர் சென்னைக்குக் கப்பலில் வந்து இறங்கினார். அவர் தொடங்கிய வணிகத்தின் பெயரால்தான் நாம் இன்றும் பாரிமுனையில் பேருந்து ஏறுகிறோம். அன்று வேல்ஸிலிருந்து முதலாளி வந்தார். இன்று வேல்ஸின் தொழிலாளி ஓர் இந்திய நிறுவனத்தின் முடிவுக்காகக் காத்திருக்கிறார். இதைக் காலத்தின் பழிவாங்கல் என்று மகிழ்வோர் உண்டு. பொருளியல் அப்படி மகிழ இடம் தருவதில்லை. மூலதனம் எங்கிருந்து வருகிறது, யாருடைய கையில் இருக்கிறது, அது போன பிறகு எது மிஞ்சுகிறது என்ற கேள்விகளையே அது எழுப்புகிறது. இக்கேள்விகளுக்குச் சென்னையின் காலனிய வணிக வரலாறு சில தெளிவான விடைகளை வைத்திருக்கிறது.

வெள்ளைக்காரன் என்ற ஒற்றைச் சொல்

நம் பேச்சு வழக்கில் அவர்கள் எல்லோரும் 'வெள்ளைக்காரர்கள்'. எழுத்து வழக்கில் 'ஆங்கிலேயர்கள்'. இரண்டாவது சொல் பெரும்பாலும் பிழையானது. சென்னை மாகாணத்தில் நிலவரி விதித்தவர்கள், படை நடத்தியவர்கள், ஆலை கட்டியவர்கள், கப்பல் ஓட்டியவர்கள் ஆகியோரில் கணிசமானோர் இங்கிலாந்துக்காரர்கள் அல்லர். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் ஆகிய விளிம்பு நாடுகளிலிருந்து வந்தவர்கள்.

எண்களைப் பார்த்தால் இது விளங்கும். 1801-ம் ஆண்டு வாக்கில் பெரிய பிரிட்டன் தீவின் மக்கள்தொகையில் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். ஆனால், 1775-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் வங்காளத்தில் கம்பெனியின் எழுத்தர் பதவிக்கு நியமிக்கப்பட்ட 249 பேரில் 47 விழுக்காட்டினர் ஸ்காட்லாந்துக்காரர்கள். அதே காலத்தில் சுயேச்சை வணிகர்களாக அங்கே தங்க அனுமதி பெற்ற 371 பேரில் அவர்களின் பங்கு 60 விழுக்காடு. 19-ம் நூற்றாண்டின் இரண்டாவது கால்பகுதியில் கம்பெனியின் வங்காளப் படைக்குத் திரட்டப்பட்ட ஐரோப்பியச் சிப்பாய்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் அயர்லாந்தின் ஏழைக் குடும்பங்களில் பிறந்தவர்கள். வேல்ஸ்காரர்களின் எண்ணிக்கை குறைவு. ஆனால் வேல்ஸின் செம்பு 18-ம் நூற்றாண்டிலேயே கம்பெனிக் கப்பல்களில் இந்தியா வந்தது. அதன் இரும்பு ஆலைகளில் உருவான தண்டவாளங்கள் பின்னர் இந்திய ரயில் பாதைகளுக்கு வந்தன.

ஏன் இந்த விகிதம்? ஸ்காட்லாந்து 17-ம் நூற்றாண்டின் இறுதியில் பனாமாவில் டேரியன் என்ற சொந்தக் காலனியை நிறுவ முயன்று, நாட்டின் சேமிப்பில் பெரும்பகுதியை இழந்தது. 1707-ல் இங்கிலாந்துடன் இணைந்தபோது, தன் நாடாளுமன்றத்தைக் கொடுத்துவிட்டுப் பேரரசின் சந்தைக்குள் நுழையும் உரிமையைப் பெற்றது. பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் நிறைந்த நாடு அது. படித்தவர்களுக்கு வேலை இல்லாத நாடும் அதுவே. மூத்த மகனுக்கு நிலம், இளைய மகன்களுக்கு எதுவுமில்லை என்ற நிலையில் இந்தியா அவர்களுக்கு வேலைவாய்ப்பு அலுவலகம் ஆயிற்று. கம்பெனியை மேற்பார்வையிட்ட கட்டுப்பாட்டு வாரியத்தைப் பல ஆண்டுகள் தன் பிடியில் வைத்திருந்த ஹென்றி டண்டாஸ் எடின்பரோவைச் சேர்ந்தவர். இந்தியப் பதவிகளைப் பகிர்ந்து கொடுத்தே ஸ்காட்லாந்தின் அரசியல் ஆதரவை அவர் திரட்டினார்.

அயர்லாந்தின் நிலை வேறு. அதன் கம்பளி ஏற்றுமதியை 1699-ல் லண்டன் முடக்கியது. கிழக்கு நாடுகளுடன் நேரடியாக வணிகம் செய்ய அதற்கு வழியில்லை. ஆகவே அங்கிருந்து மேலடுக்கில் சில நிர்வாகிகளும் அடித்தட்டில் பல்லாயிரம் சிப்பாய்களும் வந்தார்கள். வணிகர்கள் குறைவாகவே வந்தார்கள்.

செங்கற்பட்டு மண்ணில்

படப்பையும் ஸ்ரீபெரும்புதூரும் இருக்கும் இந்த நிலப்பகுதி, ஆர்க்காட்டு நவாபிடமிருந்து 1763-ல் கம்பெனி பெற்ற செங்கற்பட்டு ஜாகீரைச் சேர்ந்தது. தென்னிந்தியாவில் கம்பெனி நிலவரி தண்டக் கற்றுக்கொண்ட தொடக்கப் பள்ளிகளுள் ஒன்று இது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலியின் படை கம்பெனியின் ஒரு படைப்பிரிவை முற்றாக முறியடித்தது. தோற்ற தளபதி வில்லியம் பெய்லி ஸ்காட்லாந்துக்காரர். உதவிக்குச் செல்லத் தவறிய ஹெக்டர் மன்றோவும் ஸ்காட்லாந்துக்காரர். களத்தில் மடிந்தவர்களில் ஸ்காட்லாந்து மலைநாட்டுப் படையினரும் தமிழ், தெலுங்குச் சிப்பாய்களும் அடங்குவர்.

அதே ஆண்டு சென்னைக்கு வந்து சேர்ந்த கடைநிலைப் படை அதிகாரி ஒருவர் பின்னாளில் சென்னை மாகாண ஆளுநர் ஆனார். தீவுத்திடல் அருகே குதிரை மீது அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோதான் அவர். அவருடைய தந்தை கிளாஸ்கோ நகரத்தில் அமெரிக்க வர்ஜீனியாவுடன் வணிகம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போரால் அந்த வணிகம் நொடித்தது. அடிமைகளின் உழைப்பில் விளைந்த புகையிலையால் செழித்த ஒரு வணிக உலகம் சரிந்தபோது, அதன் பிள்ளை தமிழ்நாட்டுக்கு வந்து ரைத்துவாரி முறையை வகுத்தார். நம் பட்டா, சிட்டா, அடங்கல் ஆகியவற்றின் பின்னணியில் இப்படி ஓர் அட்லாண்டிக் கதை இருக்கிறது. ஒரகடத்தில் சிப்காட்டுக்காக நிலம் கையகப்படுத்தப்பட்டபோது எந்த ஆவணத்தில் யார் பெயர் இருந்தது, யார் பெயர் இல்லை என்பதே இழப்பீட்டைத் தீர்மானித்தது. நிலத்தில் உழைத்தும் ஆவணத்தில் இடம்பெறாதவர்கள் மன்றோவின் காலத்திலும் இருந்தார்கள். நம் காலத்திலும் இருக்கிறார்கள்.

நவாபின் கடன் விவகாரத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும். சென்னையிலிருந்த கம்பெனி ஊழியர்கள் நவாபுக்குக் கொடும் வட்டிக்குக் கடன் கொடுத்து, அதற்கு ஈடாகக் கர்நாடகப் பகுதியின் நிலவரியைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கடன்களை லண்டன் அரசு அப்படியே ஏற்க முனைந்தபோது, 1785 பிப்ரவரி 28 அன்று நாடாளுமன்றத்தில் நீண்ட கண்டன உரை ஆற்றியவர் எட்மண்ட் பர்க். அவர் டப்ளினில் பிறந்த அயர்லாந்துக்காரர். கடன்காரர்களின் கணக்கைத் தீர்ப்பவர்கள் கடைசியில் கர்நாடகத்தின் உழவர்களே என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஆனால், அவருடைய உறவினரான வில்லியம் பர்க் தஞ்சை மன்னருக்கு முகவராக இருந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அறமும் ஆதாயமும் ஒரே குடும்பத்தில் குடியிருந்த காலம் அது.

இந்த வணிகத்தில் நம்மவர்களுக்குப் பங்கே இல்லை என்பதும் உண்மையன்று. ஒவ்வொரு ஐரோப்பிய வணிகருக்குப் பின்னாலும் ஒரு துபாஷி இருந்தார். மொழிபெயர்ப்பாளர், தரகர், கடன் கொடுப்பவர் என எல்லாம் அவரே. அப்படி ஈட்டிய செல்வத்தை அறக்கொடையாக விட்டுச்சென்ற பச்சையப்ப முதலியார் 1794-ல் மறைந்தார். அக்கொடையிலிருந்து 1842-ல் தொடங்கிய பள்ளியே பின்னாளில் பச்சையப்பன் கல்லூரி ஆயிற்று. பெரும்பாலான துபாஷிகளின் செல்வம் இப்படிப் பொதுநிலைக்கு வரவில்லை.

தூத்துக்குடியில் ஒரு பேரரசு

1813-ல் கம்பெனியின் இந்திய வணிக ஏகபோகம் முடிவுக்கு வந்தது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் முன்னணியில் நின்றவர் கிளாஸ்கோ பஞ்சாலை முதலாளி கெர்க்மன் ஃபின்லே. அதன்பின் கிளாஸ்கோவின் நூலும் துணியும் தடையின்றி வந்தன. நம் நெசவாளர்களின் சந்தை சுருங்கியது. அடுத்த கட்டத்தில் அவர்கள் ஆலைகளையே இங்கே கட்டினார்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆண்ட்ரூ, ஃபிராங்க் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணியின் நீர்விசையைக் கொண்டு பாபநாசத்திலும், பின்னர் தூத்துக்குடியிலும் மதுரையிலும் நூற்பாலைகள் நிறுவினார்கள். மதுரைக்காரர்களுக்கு அது இன்றும் 'ஹார்வி மில்'தான்.

தூத்துக்குடியில் 1906 முதல் 1908 வரை நடந்ததை இந்தக் கோணத்திலிருந்து மீண்டும் பாருங்கள். வ.உ.சிதம்பரனார் 1906-ல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். அதை எதிர்த்த பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி, ஸ்காட்லாந்தின் கேம்பல்டவுனில் பிறந்த வில்லியம் மெக்கின்னன் தொடங்கியது. கிளாஸ்கோவில் வேர் கொண்டது. அது கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கி சுதேசிக் கப்பலை நெருக்கியது. போட்டியாளரை வீழ்த்துவதற்காக நட்டத்தில் விற்பது என்று இன்று நாம் பாடம் நடத்தும் உத்திக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தமிழ்நாட்டில் கிடைக்காது. 1908 பிப்ரவரி இறுதியில் ஹார்விகளின் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா ஆகியோரின் ஆதரவுடன் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். சில நாட்களில், மார்ச் 12 அன்று, வ.உ.சி. கைதானார். அவர் சிறையிலிருந்த காலத்திலேயே அவருடைய கப்பல் நிறுவனம் கலைந்துபோனது. இந்த மோதலில் ஆட்சியின் முகமாக நின்ற ஆஷ், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதனால் சுடப்பட்டபோது திருநெல்வேலி ஆட்சியர். அவர் அயர்லாந்துக்காரர்.

ஆக, கப்பல் ஸ்காட்லாந்துடையது, ஆலையும் ஸ்காட்லாந்துடையது, ஆட்சியர் அயர்லாந்துக்காரர். நம் விடுதலைப் போராட்டத்தின் மிகக் கூர்மையான அத்தியாயத்தில் இங்கிலாந்துக்காரர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சென்னையிலும் இதே கதைதான். பின்னி நிறுவனம், அர்பத்நாட் நிறுவனம், சிம்சன் நிறுவனம் ஆகிய மூன்றின் வேர்களும் ஸ்காட்லாந்தில். 1906 அக்டோபர் 22 அன்று அர்பத்நாட் நொடித்தபோது சென்னை மாகாணத்தின் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு அழிந்தது. நிறுவனத்தின் தலைவர் சிறை சென்றார். அந்த அதிர்ச்சியில் தள்ளாடிய பின்னியை எடுத்துக்கொண்டவர் ஆர்ப்ரோத் நகரில் பிறந்த ஜேம்ஸ் மெக்கே. பின்னாளில் இஞ்ச்கேப் பிரபு ஆன இவர், வ.உ.சி.யை எதிர்த்த அதே கப்பல் கூட்டமைப்பின் முன்னணி மனிதர். தூத்துக்குடித் துறைமுகத்தையும் பெரம்பூர் ஆலைகளையும் ஒரே கை பிடித்திருந்தது.

மலைகளில் எஞ்சிய கணக்கு

இலங்கையில் 1867-ல் லூல்கந்துரவில் வணிக நோக்கில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்காட்லாந்துக்காரர். 1890-ல் அங்கே தோட்டங்கள் வாங்கித் தன் பெயரையே தேநீரின் பெயராக்கிய தாமஸ் லிப்டன், அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்குக் கிளாஸ்கோவில் பிறந்தவர். அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள். 1948-ல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. மேலும் 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என விட்டது. தேயிலைப் பெட்டிகளைக்கூட இவ்வளவு அலட்சியமாக எவரும் பங்கிட்டதில்லை.

மூணாறிலும் கிளாஸ்கோவின் ஃபின்லே நிறுவனமே கோலோச்சியது. 1897-ல் உருவான கண்ணன் தேவன் நிறுவனம், டாடாவின் கைக்கு மாறி, 2005-ல் தொழிலாளர்களே பங்குதாரர்களாக உள்ள அமைப்பாக மாறியது. ஆயினும் 2015-ல் அதே தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள், 'பொம்பிளை ஒருமை' என்ற பெயரில், போனசுக்காகவும் கூலிக்காகவும் தெருவுக்கு வந்தார்கள். தங்களைப் பிரதிநிதித்துவப்படுத்திய சங்கத் தலைவர்களையும் புறந்தள்ளினார்கள். உரிமையாளரின் தேசம் மாறினாலோ, பங்குப் பத்திரம் தொழிலாளியின் கைக்கு வந்தாலோ மட்டும் அவருடைய குரல் கேட்கப்பட்டுவிடாது என்பதற்கு இதுவே சான்று.

ஒடுக்கப்பட்டவர் ஒடுக்கமாட்டாரா?

பிரிட்டனில் இன்று இந்த வரலாறு பேசப்படுகிறது. அடிமை வணிகத்தால் தனக்குக் கிடைத்த ஆதாயத்தைக் கணக்கிட்டு கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 2018-ல் அறிக்கை வெளியிட்டது. 2022-ல் கிளாஸ்கோ நகரமன்றம் மன்னிப்புக் கோரியது. வரவேற்கத்தக்கவை. ஆனால், அவ்விவாதம் பெரும்பாலும் அட்லாண்டிக் பெருங்கடலோடு நின்றுவிடுகிறது. தூத்துக்குடியும் பெரம்பூரும் நுவரெலியாவும் அதில் அரிதாகவே இடம்பெறுகின்றன.

இன்னொரு வாதமும் எழுகிறது. 'நாங்களே இங்கிலாந்தின் ஆதிக்கத்துக்கு உட்பட்டவர்கள். எங்களை எப்படிக் குற்றம் சொல்வீர்கள்?' என்பது அது. அயர்லாந்தைப் பொறுத்தவரை இதில் பாதி உண்மை உண்டு. அயர்லாந்தின் தன்னாட்சிக் கோரிக்கையின் பெயரைத்தான் அன்னி பெசன்ட் 1916-ல் அடையாறிலிருந்து நடத்திய இயக்கத்துக்குச் சூட்டினார். நம் அரசமைப்பின் நெறிமுறைக் கோட்பாடுகள் 1937-ம் ஆண்டின் அயர்லாந்து அரசமைப்பிலிருந்து எடுத்தாளப்பட்டவை. ஆனால், ஒடுக்கப்பட்டவர் என்பதாலேயே ஒருவர் ஒடுக்கமாட்டார் என்று வரலாற்றில் எங்கும் விதியில்லை. வீட்டில் வாய்ப்பு மறுக்கப்பட்டவர் வெளியில் வாய்ப்பைப் பற்றிக்கொள்ளும்போது அதன் விலையை மூன்றாமவர் கொடுக்க நேர்கிறது. காலனியம் என்ற அமைப்பின் வலிமையே இதுதான்: தன்னால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அது சம்பளம் கொடுத்தது.

இதைத் தமிழர்களாகிய நாமும் நினைவில் வைக்க வேண்டும். பர்மாவில் செட்டியார் கடைகள் செய்த வட்டித் தொழிலையும், மலாயாத் தோட்டங்களில் தமிழர்களை மேய்த்த தமிழ்க் கங்காணிகளையும் மறந்துவிட்டுப் பிறரை மட்டும் விசாரிக்க முடியாது.

எது மிஞ்சியது?

அந்நிய மூலதனத்தை அது வந்த நாளில் அல்ல, போன நாளில்தான் எடைபோட வேண்டும். அந்தத் தராசில் சென்னையின் நிறுவனங்கள் வெவ்வேறு எடை காட்டுகின்றன.

1840-ல் குதிரைச் சேணமும் வண்டியும் செய்யத் தொடங்கிய சிம்சன், 1903-ல் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கியது. 1940-களில் எஸ்.அனந்தராமகிருஷ்ணன் தலைமையில் இந்தியர் கைக்கு வந்து, அமால்கமேஷன்ஸ் குழுமமாகி, இயந்திரம், டிராக்டர், உதிரிபாகம் எனக் கிளைத்தது. பாரி நிறுவனம் 1981-ல் முருகப்பா குழுமத்திடம் வந்தது. அர்பத்நாட்டின் வீழ்ச்சி, வி.கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால், 1907-ல் இந்தியன் வங்கியைப் பெற்றெடுத்தது. மாறாக, ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்த பின்னி ஆலைகள் 1996-ல் மூடப்பட்டன. பின்னர் அந்நிலம் மனைவணிகத்துக்குப் போனது.

வேறுபாடு எங்கே இருக்கிறது? உரிமையாளரின் நல்லெண்ணத்தில் அல்ல. சிம்சனில் தொழில்நுட்பமும் மேலாண்மையும் இங்குள்ளவர்களின் கைக்கு மாறின. அந்த அறிவு நிறுவனத்தின் சுவரைத் தாண்டி ஊரெங்கும் பரவியது. ஒரகடத்துக்குக் கார் ஆலைகள் வந்ததற்குத் துறைமுகமும் சலுகையும் மட்டும் காரணமல்ல. மூன்று நான்கு தலைமுறைகளாகச் சென்னையில் சேர்ந்திருந்த இரும்பு வேலை அறிவும் காரணம். பின்னியில் உழைப்பு மட்டுமே இங்கிருந்து போனது. முடிவுகள் வேறெங்கோ எடுக்கப்பட்டன.

ஆனால், பின்னியிலிருந்தும் ஒன்று மிஞ்சியது. அது முதலாளி கொடுத்ததன்று, தொழிலாளர் எடுத்துக்கொண்டது. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி.வாடியா, செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு, திரு.வி.க. ஆகியோரின் முயற்சியில் பின்னித் தொழிலாளர்களை மையமாகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் அதுவே. நிறுவனம் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துச் சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடை பெற்றது. சங்கம் நடத்துவதே சட்டமீறலாகிவிடும் நிலை ஏற்பட்டபோது, தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் மத்திய சட்டமன்றத்தில் எழுந்தது. விளைவு, 1926-ம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். 1921 வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூடு நடந்ததையும், ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் பிறருக்கும் இடையே நேர்ந்த பிளவு புளியந்தோப்பில் வன்முறையாக வெடித்ததையும் சொல்லாமல் இக்கதை முழுமை பெறாது. மூலதனம் பிரித்தது என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது; பிரிவதற்கு நம்மிடம் சாதி ஆயத்தமாக இருந்தது.

ஒரகடத்துக்கு மூன்று கேள்விகள்

இப்போது படப்பைச் சாலைக்கு வருவோம். விடியற்காலையில் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் நின்றால் கொரிய, ஜப்பானிய, ஜெர்மானிய, பிரெஞ்சுப் பெயர்கள் தாங்கிய நிறுவனங்களின் பேருந்துகள் வரிசையாகப் போகின்றன. இதைப் புதிய காலனியம் என்று அழைப்பது எளிது, ஆனால் தவறு. அன்று நமக்கு வாக்குரிமை இல்லை. வரி விதிக்கும் உரிமை இல்லை. கம்பெனியை அழைக்கவோ விரட்டவோ அதிகாரம் இல்லை. இன்று நிலம், நீர், சாலை, மின்சாரம், சலுகை எல்லாவற்றையும் பேசி முடிவு செய்வது நாம் தேர்ந்தெடுத்த அரசு. ஆகவே தவறு நேர்ந்தால் அதன் பொறுப்பும் நம்முடையதே. கொரியாவும் 1910 முதல் 1945 வரை ஜப்பானின் காலனியாக இருந்த நாடுதான். முன்பே சொன்னதுபோல, ஒடுக்கப்பட்ட வரலாறு நல்ல முதலாளியை உறுதி செய்வதில்லை.

கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, இங்கே கற்பவர் யார்? ஸ்காட்லாந்து வணிகர்கள் வந்தபோது அவர்களின் உறவினர்கள், ஊர்க்காரர்கள், வங்கியாளர்கள் எல்லோரும் ஒரு வலைப்பின்னலாகவே வந்தார்கள். இன்றும் பெரிய ஆலையுடன் அதன் தாய்நாட்டு உதிரிபாக நிறுவனங்களும் சேர்ந்தே வருகின்றன. அந்த வலைப்பின்னலுக்குள் உள்ளூர்ச் சிறுதொழில் நுழைகிறதா, வடிவமைப்பும் ஆய்வும் இங்கே நடக்கின்றனவா என்பதே சலுகைக்கான நிபந்தனையாக இருக்க வேண்டும். எத்தனை கோடி முதலீடு என்ற அறிவிப்பு அன்று.

இரண்டாவது, போகும்போது எதை விட்டுப் போவார்கள்? ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலை 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. ஒரகடம் கூட்டு ஆலையில் நிசானின் பங்கை ரெனோ வாங்கும் முடிவு 2025-ல் பாரிஸிலும் யோகோஹாமாவிலும் எடுக்கப்பட்டது. மூலதனத்துக்கு வெளியேறும் உரிமை உண்டு. தொழிலாளிக்கும் அதற்கு ஈடான பாதுகாப்பு வேண்டும்: மறுபயிற்சிக்கான நிதியை ஆலை ஓடும்போதே சேர்த்துவைக்கும் ஏற்பாடு, கொடுத்த நிலம் தொழிலுக்கே திரும்பும் என்ற உறுதி. பின்னியின் நிலத்துக்கு நேர்ந்தது ஒரகடத்துக்கு நேரக் கூடாது.

மூன்றாவது, தொழிலாளி பேசலாமா? சுங்குவார்சத்திரத்தில் 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாட்கள் நடந்த வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கை கூலி மட்டுமன்று; சங்கத்தைப் பதிவு செய்யும் உரிமை. பின்னித் தொழிலாளர்களின் போராட்டத்தில் விளைந்த அந்த 1926-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்தான், உயர் நீதிமன்றம் வரை சென்று, 2025 ஜனவரி 27 அன்று அப்பதிவு கிடைத்தது. பெரம்பூரில் நட்ட மரம் ஏறத்தாழ நூறாண்டு கழித்து ஸ்ரீபெரும்புதூரில் நிழல் தந்தது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தைத் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் எடுத்துக்கொண்டுள்ளது. புதிய சட்டத்தின் விதிகளைத் தமிழ்நாடு எப்படி நடைமுறைப்படுத்துகிறது என்பதில்தான், படப்பையிலும் வல்லத்திலும் வாடகை அறைகளில் நெருக்கியடித்து வாழும் ஒப்பந்தத் தொழிலாளர்களின், குறிப்பாக வெளிமாநிலத்தவரின், எதிர்காலம் இருக்கிறது. வாழ்க்கைக்குப் போதுமான கூலியைப் பற்றிப் பேசும் அரசமைப்பின் 43-வது பிரிவும், நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பைப் பற்றிப் பேசும் 43ஏ பிரிவும் இன்னும் ஏட்டில்தான் இருக்கின்றன.

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஸ்காட்ச் விஸ்கி மீதான 150 விழுக்காடு வரி முதலில் 75 ஆகவும், பத்தாண்டுகளில் 40 ஆகவும் குறையும். நம் ஆடைகளுக்கும் தோல் பொருள்களுக்கும் அங்கே வரி விலகும். இரு சமமான நாடுகள் மேசையில் அமர்ந்து பேசிய ஒப்பந்தம் இது. 1813-ல் நமக்கு மேசையில் இடம் இருக்கவில்லை. இந்த மாற்றம் சிறியதன்று.

ஆனால், மேசையில் அமர்ந்திருப்பது நாடு மட்டும்தானா, அந்நாட்டின் உழைப்பாளியுமா என்பது திறந்த கேள்வி. போர்ட் டால்பட்டின் உலைத் தொழிலாளியும் சுங்குவார்சத்திரத்தின் குளிர்சாதனப் பெட்டித் தொழிலாளியும் ஒரே மாதத்தில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: எங்களைப் பற்றிய முடிவு எங்கே, யாரால் எடுக்கப்படுகிறது? ஒருவருக்கு முதலாளி இந்தியர், மற்றவருக்குக் கொரியர். முதலாளியின் தாயகத்தைக் கொண்டு இக்கேள்விக்கு விடை சொல்ல முடியாது என்பதே பாரிமுனையிலிருந்து ஒரகடம் வரை நீளும் வரலாறு சொல்லும் செய்தி. விடை சொல்ல வேண்டியது சட்டமும், அதை நடத்தும் அரசும், அதைக் கேட்கத் துணியும் தொழிலாளரும்தான்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு)